ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழில்: முதல் வாடிக்கையாளரை எங்கே பிடிப்பது? (யூகே, அவசரம்)

மலைக்கோட்டை:
எல்லோருக்கும் வணக்கம். யூகே வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஊரில் சேல்ஸில் இருந்தேன், இங்கே எத்தனையோ இடத்தில் விண்ணப்பம் போட்டும் ஒன்றும் அமையவில்லை, அதனால் வீடுகளுக்கு ஜன்னல் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கிவிட்டேன். போல் (தண்ணீர் பாய்ச்சித் துடைக்கும் நீளக் கம்பு), பிரஷ், ஸ்குவீஜி (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை) எல்லாம் வாங்கியாயிற்று, கையிருப்பில் பாதி அதற்கே போய்விட்டது. 1000 நோட்டீஸ் அடித்து நானே நடந்து போட்டேன். வந்த போன் இரண்டே இரண்டு. ஒருவர் இனிமேல் என் வீட்டில் காகிதம் போடாதே என்றார், இன்னொருவர் எனக்கு வெப்சைட் செய்து தருவதாகச் சொல்லிக் காசு கேட்டார். இந்த மாத வாடகைக்குள் ஏதாவது நடக்காவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிடு என்று மனைவி சொல்லிவிட்டாள். முதல் பத்து வீடு எப்படிப் பிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
தம்பி, அவசரப்பட்டுவிட்டீர்கள். நாங்கள் வந்த காலத்தில் தொழில் தொடங்குவது என்கிற நினைப்பே வராது. ஒரு அறையில் ஐந்து பேர், குளிருக்கு ஹீட்டர் போட்டால் மீட்டரில் காசு போட வேண்டும், விடியற்காலை வேர்ஹவுஸுக்கு நைட் பஸ். முதல் குளிர்காலத்தில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எத்தனை ராத்திரி நினைத்திருப்பேன். ஆனாலும் சம்பளம் என்று ஒன்று மாதாமாதம் வந்தது. முதலில் ஏதாவது ஒரு வேர்ஹவுஸில் ஏறிக்கொள்ளுங்கள், கண்ணாடியை அப்புறம் துடைக்கலாம். என் மச்சானிடம் சொல்லிப் பார்க்கட்டுமா, டகன்ஹமில் ஆள் எடுக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
வாடிக்கையாளர் இருக்கட்டும், உங்கள் விசா என்ன? ஸ்டூடண்ட் விசா என்றால் சுயதொழில் செய்யவே கூடாது. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் நீங்களே மெயின் ஆள் என்றாலும், வேலைக்கு மேல் கூடுதலாக எதைச் செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு, ஜன்னல் துடைப்பது அதற்குள் வராது. டிபென்டன்ட் (விசா வைத்திருப்பவரின் துணையாக வந்தவர்) என்றால் பிரச்சினை இல்லை, சொந்தத் தொழில் செய்யலாம். இதைச் சொல்லாமல் கேட்டால் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. அப்புறம், ஒரு வரி ஆண்டில் மொத்த வரவு 1000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையான எச்எம்ஆர்சியில் செல்ஃப் அசெஸ்மென்டுக்கு, அதாவது நாமே வரிக்கணக்குக் கொடுப்பதற்கு, பதிய வேண்டும். அந்த வரி ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடியும், அதற்கடுத்து வரும் அக்டோபர் 5 கெடு. லாபம் 1000 இல்லை, வரவு 1000. நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வல்வைப்பெடியன்:
நான் குரோய்டன் பக்கம் இதே தொழில்தான் செய்கிறேன், நல்லாத்தான் போகுது. தம்பி, நோட்டீஸைக் கடுதாசிப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டில் போய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது. கதவைத் தட்ட வேண்டும். பின்னேரம் ஐந்து மணியில் இருந்து ஏழு மணிவரை, சனி என்றால் காலை பத்துக்குப் பிறகு. ஆள் கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். "இந்தத் தெருவில் கண்ணாடி துடைக்கத் தொடங்கியிருக்கிறேன், உங்களுக்கு வழமையாக யாரும் வருகினமா" என்று அவ்வளவுதான் கேட்க வேண்டும். ஆள் இருக்கிறார் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவு. இல்லை என்றால் அந்த இடத்திலேயே விலை சொல்லிவிடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று நீங்களே இழுத்தால் போச்சு. "நோ கோல்ட் காலர்ஸ்" (கூப்பிடாமல் வந்து விற்காதே) என்று ஸ்டிக்கர் ஒட்டின வீட்டைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, குழாய்த் தண்ணியை நேராகப் போலில் விடாதீர்கள். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், சனம் திரும்பக் கூப்பிடாது. தண்ணியில் இருக்கிற உப்பை வடிகட்டுகிற ஆர்ஓ மெஷின் கட்டாயம் வேண்டும், அதுக்கு ஒரு 300, 400 பவுண்டு ஒதுக்குங்கள்.

ஹவுன்ஸ்லோராணி:
கதவைத் தட்டுவதெல்லாம் பழைய காலம். என் கணவர் கார்ப்பெட் கிளீனிங் செய்கிறார், ஒரு கதவுகூடத் தட்டினது இல்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் திறந்தார், உள்ளூர் ஃபேஸ்புக் குரூப்களில் முன்னும் பின்னும் எடுத்த போட்டோ போட்டார், அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும் நெக்ஸ்ட்டோர் தளத்தில் பக்கத்து வீட்டம்மா ஒருவர் நல்லதாக நாலு வரி எழுதினார், அவ்வளவுதான். இருட்டுகிற நேரத்தில் முன்பின் தெரியாத ஆண் கதவைத் தட்டினால் நான் திறக்கவே மாட்டேன், இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வல்வைப்பெடியன்:
அக்கா, கார்ப்பெட் வருடத்துக்கு ஒருமுறை. அதுக்குத் தேவைப்பட்டவன் கூகுளில் தேடுவான். கண்ணாடி அப்படி இல்லை, நாலு கிழமைக்கு ஒருக்கா, இல்லையென்றால் எட்டுக் கிழமைக்கு ஒருக்கா போகிற ரவுண்டு. ஒரே தெருவில் ஆறு வீடு கிடைத்தால் அது தொழில். ஆறு வீடும் ஆறு ஊரில் என்றால் உழைக்கிற காசு பெட்ரோலுக்கே சரி. ஃபேஸ்புக்கில் வருகிறது எல்லாம் சிதறித்தான் வரும். தட்டினால் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

ஹவுன்ஸ்லோராணி:
சரி, உங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆனால் கூகுளில் பெயர் இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே, அது இலவசம்தானே. காசு வாங்கிக்கொண்டு லீட் (வேலைக்கு ஆள் தேடுபவரின் நம்பர்) கொடுக்கிறோம் என்கிற தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஒரே ஆளின் நம்பரை நாலு பேருக்கு விற்கிறார்கள். எங்களுக்கு நடந்தது.

ஈஸ்ட்ஹாம்வாசி:
லீட் தளத்தை விடுங்கள், நம்ம ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள். தெரிந்த தமிழ்க் கடைக்காரர் ஒருவர், என் மைத்துனன் பெயின்ட் வேலைக்குப் போனபோது தோசையும் டீயும் கொடுத்துவிட்டுக் கூலியில் பாதியைக் கழித்துக்கொண்டார்.

ஹவுன்ஸ்லோராணி:
அதையேன் கேட்கிறீர்கள். "தம்பிதானே, பார்த்துப் போட்டுக்கொடு" என்று சொல்லாத தமிழ் வீடு ஒன்று காட்டுங்கள். வெள்ளைக்காரர் விலை பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார், கதை முடிந்தது. நம்மவர்கள் வேலை முடிந்த பிறகுதான் பேரம் தொடங்குவார்கள்.

வல்வைப்பெடியன்:
கடைக்காரரை அப்படிச் சொல்லி ஒதுக்காதீர்கள். கடைக் கண்ணாடி கிழமைக்கு ஒருக்கா வரும், ஐந்தோ எட்டோ பவுண்டு, காலை ஏழு மணிக்குள் முடித்துவிடலாம், கையில் காசு. தொடக்கத்தில் அதுதான் எனக்குச் சாப்பாடு போட்டது. ஒரு தெருவில் முடிவெட்டுகிற கடை, டேக்அவே, போன் கடை என்று வரிசையாகப் பேசி எடுத்தால் போதும்.

மலைக்கோட்டை:
எல்லோருக்கும் நன்றி. விசாவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மனைவி என்எச்எஸ்ஸில் நர்ஸ், நான் டிபென்டன்ட், என்ஐ (நேஷனல் இன்சூரன்ஸ்) நம்பர் வந்துவிட்டது. பழைய ஃபியஸ்டா ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆர்ஓ மெஷின் இல்லை, இன்னும் 400 போட வழியும் இல்லை. நோட்டீஸை எங்கள் தெருவிலும் அடுத்த நாலு தெருவிலும்தான் போட்டேன். எல்லாம் சிவப்புக் கல் கட்டடம், நாலு மாடி, வாசல் கதவு பஸ்ஸர் அடித்தால்தான் திறக்கும். உள்ளே போக முடியாத இடத்தில் கதவடியில் கட்டாக வைத்துவிட்டு வந்தேன். என்னுடைய போல் 22 அடி, மூன்றாவது மாடிவரைகூட எட்டாது போலிருக்கிறது.

எடின்பரோஅக்கா:
தம்பி, ஒரு நிமிடம். சிவப்புக் கல், நாலு மாடி, பஸ்ஸர். நீங்கள் கிளாஸ்கோவா?

மலைக்கோட்டை:
ஆமாம் அக்கா. டெனிஸ்டன். ஏன்?

எடின்பரோஅக்கா:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. இங்கே எல்லோரும் லண்டனை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜன்னல் துடைக்க லைசென்ஸ் தேவையில்லை, ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. 1982ஆம் ஆண்டின் சிவிக் கவர்ன்மென்ட் சட்டப்படி, எந்தெந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று கவுன்சில் முடிவெடுக்கலாம், அதில் ஜன்னல் துடைப்பவரும் உண்டு. கிளாஸ்கோ கவுன்சில் லைசென்ஸ் கேட்கிறது. இல்லாமல் செய்தால் குற்றம். கவுன்சில் தளத்தில் விண்ணப்பம் இருக்கிறது, கட்டணமும் அங்கேயே பார்க்கலாம். போலீஸிடம் விசாரித்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் உடனே கைக்கு வராது. ஆகவே இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பயப்பட வேண்டாம், இது உங்களுக்குச் சாதகம்தான். லைசென்ஸ் வந்ததும் எண்ணை நோட்டீஸில் போடுங்கள், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுங்கள். தெரியாத ஆளுக்குத் திறக்கமாட்டேன் என்று ஹவுன்ஸ்லோ சகோதரி சொன்னதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

தண்ணீர் விஷயமும் வேறு. கிளாஸ்கோவுக்குத் தண்ணீர் லோக் காட்ரின் ஏரியில் இருந்து வருகிறது, 1859இல் இருந்தே. ரொம்ப மென்மையான தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் லண்டனில் 300ஐத் தொடும், உங்கள் குழாயில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆர்ஓ மெஷினுக்குக் காசு கொட்ட வேண்டாம். மிச்ச உப்பை உறிஞ்சிக்கொள்ளும் டிஐ ரெசின் போட்ட சிலிண்டர் ஒன்று போதும், மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும்வரை ரெசினை மாற்றாமல் ஓட்டலாம்.

வல்வைப்பெடியன்:
கிளாஸ்கோ என்றால் அக்கா சொல்வதுதான் சரி, ரெசின் மட்டும் போதும். ஒன்று சொல்கிறேன், ஃபியஸ்டாவில் பெரிய டாங்க் வைக்காதீர்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ, பிரேக் போட்டால் அவ்வளவும் உங்கள் முதுகில் வந்து நிற்கும். 25 லிட்டர் கேன்களை நன்றாகக் கட்டி வையுங்கள், முதுகில் மாட்டுகிற பேக்பேக் டாங்க் ஒன்று எடுங்கள். ஏணி ஏறவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கார் இன்சூரன்ஸில் பிசினஸ் யூஸ் சேர்த்தீர்களா? இல்லாவிட்டால் வேலைக்குப் போகும்போது மோதினால் கம்பெனி கையை விரித்துவிடும். வேலையில் மற்றவருக்கோ அவர் பொருளுக்கோ சேதம் வந்தால் கைகொடுக்கும் பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸும் எடுங்கள். இந்திய லைசென்ஸில் ஓட்டுகிறீர்கள் என்றால், இங்கே குடியேறின நாளில் இருந்து 12 மாதம்தான் செல்லும். வருடம் நெருங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தியரி டெஸ்டுக்கு இப்போதே பதியுங்கள், பிராக்டிகலுக்குத் தேதி கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

எடின்பரோஅக்கா:
இப்போது வாடிக்கையாளருக்கு வருவோம். டெனிஸ்டனில் நோட்டீஸ் போட்டதுதான் தவறான இடம், நோட்டீஸ் தவறில்லை. டெனமென்ட் (உங்கள் தெருவில் இருப்பது போன்ற அடுக்குமாடி) வீட்டில் மாடிக்கு உங்கள் போல் எட்டாது, பல வீடுகளில் ஜன்னலை உள்பக்கம் சாய்த்து அவர்களே துடைத்துக்கொள்கிறார்கள். பொது வேலை எல்லாம் கட்டடத்தைப் பராமரிக்கும் ஃபேக்டர் கம்பெனி கையில் இருக்கும், புது ஆளுக்கு அது எளிதில் கிடைக்காது. நீங்கள் போக வேண்டியது இரண்டு மாடிக்கு மேல் இல்லாத தனி வீடுகள், செமி வீடுகள் (இரண்டு வீடு ஒட்டினது), பங்களோக்கள் இருக்கும் இடம். பிஷப்பிரிக்ஸ் உங்களுக்குப் பக்கம், ஆனால் அது கிளாஸ்கோ இல்லை, ஈஸ்ட் டன்பார்டன்ஷயர் கவுன்சில், லைசென்ஸ் பற்றி அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். ராப்ராய்ஸ்டனில் புது வீடுகள் நிறைய எழும்பியிருக்கின்றன, புதுக் குடியிருப்பில் ஏற்கெனவே வழக்கமாக வரும் ஆள் இருப்பது குறைவு. அந்தக் குடியிருப்புக்கென்று ஃபேஸ்புக் குரூப் இருக்கும், வீட்டுக்காரர் யாராவது ஒருவர் உங்களைச் சொன்னால் போதும், நீங்களே போய் விளம்பரம் போட்டால் பாதிக் குரூப்பில் எடுத்துவிடுவார்கள்.

ஒரே குடியிருப்பை எடுத்துக்கொண்டு அதை முடிக்கும்வரை வேறெங்கும் போகாதீர்கள். முதலில் நோட்டீஸ், இரண்டு மூன்று நாள் கழித்து அதே கதவைத் தட்டுதல். ஒரு வீட்டில் வேலை செய்யும்போதே இரண்டு பக்கத்து வீட்டிலும் கேட்டுவிடுங்கள், ஆள் கண்ணெதிரே வேலை செய்கிறார் என்றால் நம்பிக்கை வரும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது தட்டுவதைச் சனி ஞாயிறு பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை:
அக்கா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. விலை என்ன சொல்வது? நேரில் ஆள் இல்லாத வீட்டில் காசு எப்படி வாங்குவது?

வல்வைப்பெடியன்:
மூன்று அறை செமி வீடு என்றால் நான் 18 பவுண்டு வாங்குகிறேன். உங்கள் பக்கம் கொஞ்சம் குறையலாம், 15க்குக் கீழே போகாதீர்கள், ஒருக்கா குறைத்தால் அந்த வீட்டில் ஏற்றவே முடியாது. முதல் தடவை அழுக்கு அதிகம் இருக்கும், அதற்கு இரண்டு மடங்கு சொல்லுங்கள், வழமையாக எடுப்பதாக இருந்தால் ஒன்றரை மடங்கு. முதல் நாள் இரவே "நாளைக்கு வருகிறேன், பின்பக்கக் கேட்டைத் திறந்து வையுங்கள்" என்று மெசேஜ் போடுங்கள். முடிந்ததும் பேங்க் விவரத்தோடு இன்னொரு மெசேஜ். வீடு கூடக் கூட கோகார்ட்லஸ் மாதிரி ஒரு சேவை மூலம் டைரக்ட் டெபிட்டுக்கு (அவர்கள் பேங்கில் இருந்து காசு தானாக வருவதற்கு) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி துடைக்கிற நேரத்தைவிடக் காசு கேட்டு அலைகிற நேரம்தான் கூட.

ரவுண்டு விற்பனைக்கு என்று விளம்பரம் வரும். இப்போது தொடாதீர்கள். அந்த வீட்டுக்காரர் ஒருவரும் உங்களோடு ஒப்பந்தம் எழுதவில்லை, காசு கொடுத்து வாங்கின மறுமாதமே பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லலாம்.

மலைக்கோட்டை:
லைசென்ஸ் விண்ணப்பம் இன்றைக்கே போடுகிறேன். அது வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வாடகை நிற்காதே.

எடின்பரோஅக்கா:
சும்மா இருக்க வேண்டாம். கூரை ஓரத்தில் இருக்கும் மழைநீர்க் கட்டர் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) சுத்தம் செய்வது ஜன்னல் வேலை இல்லை, கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டு அதைத் தொடங்குங்கள். கிளாஸ்கோ மழைக்கு இலை அடைத்த கட்டர் இல்லாத தெருவே கிடையாது, ஒரு வீட்டுக்கு வாங்குவது பல கண்ணாடி வேலைக்குச் சமம். தரையில் நின்றபடி போல் வழியாக உறிஞ்சும் கட்டர் வாக்யூமை வாடகைக்கு எடுக்கலாம். அந்த வீட்டுக்காரரிடமே கண்ணாடிக்கும் பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், லைசென்ஸ் கைக்கு வந்த வாரம் அவர்களிடம் இருந்துதான் ரவுண்டு தொடங்க வேண்டும். மனைவி வார்டில் வேலை பார்ப்பவர்களில் பிஷப்பிரிக்ஸ் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கு ராத்திரி கேளுங்கள்.