காக்கட்டூ அப்பிஸ்டோ: இது நெஜமாவே ஜோடிதானா? முட்டை வெச்சா என்ன பண்றது?

குட்டித்தொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். காக்கட்டூ அப்பிஸ்டோங்கற குட்டி தொட்டி மீன ஜோடின்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனா எனக்கு சந்தேகமா இருக்கு. ஒண்ணு பெருசு, முதுகுத் துடுப்போட முன்பக்க முள்ளு நாலஞ்சு சேவக்கொண்டை மாதிரி நீட்டிட்டு நிக்குது, வால்ல மேலயும் கீழயும் கூரா இருக்கு, ஆரஞ்சு திட்டு வேற. சின்னது பாதி சைஸ்தான், சாம்பல் கலர், வால் வட்டம், சில நேரம் மட்டும் லேசா மஞ்சளாகுது. ரெண்டடி டேங்க், மணல், ஸ்பான்ஜ் ஃபில்டர், கூடவே நியான் டெட்ராவும் கோரியும் (அடியில மேயற குட்டி கெளுத்தி) இருக்கு. போட்டோ பாத்த ஒருத்தர் இது அகாசிசிங்கிற வேற அப்பிஸ்டோ வகைங்கிறார், இன்னொருத்தர் ரெண்டுமே ஆணுங்கிறார், யார நம்பறதுன்னே தெரியல. குஞ்சு எடுக்கணும்னு ரொம்ப ஆசை.

கறுந்தண்ணி:
அகாசிசி கண்டிப்பா இல்ல. அகாசிசி ஆணுக்கு வால் நடுவுல ஒரே கூரா வந்து முடியும், முதுகுத் துடுப்பும் தாழ்வா சீரா ஓடும். நீட்டின முள்ளு, ரெண்டு கூர் வால், பெரிய வாய், இதெல்லாம் காக்கட்டூ ஆண்தான், அதுல பேச்சே இல்ல.

சின்னதுதான் யோசிக்கணும். அடியில ஜோடியா இருக்குமே வயித்துத் துடுப்பு, அதோட முன் ஓரம் நல்லா கறுப்பா இருக்கான்னு பாருங்க, இருந்தா பெண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா வால் வட்டம், சைஸ் சின்னதுங்கறத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க ப்ரோ, பெரிய ஆண் ஒண்ணு ஆட்டம் போடற டேங்க்ல அடங்கிப்போன சின்ன ஆண் அடி வாங்காம இருக்க பெண் வேஷத்துலயே சுத்தும், பெருச எடுத்துட்டா அப்புறம்தான் துடுப்பு நீள ஆரம்பிக்கும்.

இலைச்சருகு:
கறுந்தண்ணி சொல்றது சரி, ஆனா துடுப்ப பாத்து மண்டைய உடைச்சுக்கறத விட நடத்தைய பாருங்க, அதுதான் பொய் சொல்லாது. பெண் தயாரானா பளிச்சுன்னு மஞ்சளாகும், உடம்புல கறுப்பு அடையாளம் எடுப்பா தெரியும், ஆணுக்கு முன்னாடி வந்து உடம்ப வளைச்சு வயித்த காட்டும், குகைக்குள்ள போயி போயி வரும்.

குகை வெச்சிருக்கீங்களா? நீங்க சொல்லவே இல்ல. கொட்டாங்குச்சியோ சின்ன மண்தொட்டியோ கவுத்து வைங்க, வாசல் பெண் மட்டும் நுழையற அளவு போதும். தண்ணி 26 டிகிரி பக்கம், பிஎச் 7க்கு கொஞ்சம் கீழ இருந்தா நல்லது. காக்கட்டூ மத்த அப்பிஸ்டோ மாதிரி ரொம்ப அடம் பிடிக்காது, ஓரளவு கடினத் தண்ணியிலயும் முட்டை வெக்கும். ஹீட்டர மட்டும் இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க, அப்பிஸ்டோவுக்கு குஞ்சு ஆணா பெண்ணாங்கறதையே வெப்பம் மாத்தும், 29 டிகிரி வரைக்கும் போனா பெரும்பாலும் ஆணாத்தான் வரும்.

குட்டித்தொட்டி:
கொட்டாங்குச்சி வெச்சேன் அண்ணா, அதுக்கப்புறம் பெண் வெளியவே வரல, தலைய மட்டும் நீட்டுது, உடம்பு எலுமிச்சை மஞ்சள், வயித்துத் துடுப்பு ஓரம் மை பூசின கறுப்பு! டார்ச் அடிச்சு பாத்தா உள்ள மேல்பக்கத்துல செவப்பு செவப்பா முட்டை ஒட்டிட்டு இருக்கு. ஆண் கிட்ட போனா தொரத்தி தொரத்தி அடிக்குது. கொட்டாங்குச்சிய அப்படியே எடுத்து தனி டேங்க்ல வெச்சிரலாமா?

இலைச்சருகு:
அப்போ ஜோடிதான், வாழ்த்துக்கள் 🙂 கொட்டாங்குச்சில கைய வெக்காதீங்க, டார்ச்சும் போதும். அம்மா விசிறி விட்டு, பூஞ்சை பிடிச்சத பொறுக்கிப் போட்டு அதுவே பாத்துக்கும். முதல் ஈடுன்னா தானே தின்னுட்டாலும் தின்னும், கவலப்படாதீங்க, சீக்கிரமே மறுபடி வெக்கும். எடுக்க வேண்டியது கோரியதான். ராத்திரி இருட்டுல தாய்க்கு கண்ணு தெரியாது, கோரி மோப்பம் பிடிச்சே வந்து முட்டையையும் குஞ்சையும் காலி பண்ணிரும். ஆணுக்கு ஒதுங்க செடி, கட்டைன்னு மறைவு இல்லேன்னா அதையும் மாத்திருங்க, ரெண்டடி டேங்க்ல பெண் அடிச்சே கொன்னுரும்.

கறுந்தண்ணி:
கூடவே தீனிய இப்பவே ரெடி பண்ணுங்க, இங்கதான் பலபேர் கோட்ட விடறாங்க. ரெண்டு மூணு நாள்ல பொரியும், ஆனா பொரிஞ்சதும் நீந்தாது, மஞ்சக்கரு பையோட நெளிஞ்சுட்டு கிடக்கும், முட்டை வெச்சு ஒரு வாரம் பக்கமா தாய் பின்னாடி கூட்டமா கிளம்பும். அன்னிக்கே வாய்க்கு உயிருள்ள தீனி கிடைக்கணும், அப்ப பொரிச்ச ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்) இல்லேன்னா மைக்ரோவர்ம்ங்கற பொடிப் புழு, தூள் தீனிய நம்பாதீங்க. ஆர்டீமியா முட்டை பொரியவே ஒரு நாள் ஆகும், அதனால குஞ்சு நீந்தறதுக்கு முந்தின நாளே ஊற வைங்க. காய்ஞ்ச பாதாம் இலை ரெண்டு போட்டா அதுல வளர்ற நுண்ணுயிர குஞ்சு நாள் பூரா மேயும். தண்ணி மாத்தும்போது கொஞ்சமா, அதே சூட்டுல ஊத்துங்க.

குட்டித்தொட்டி:
கோரி வெளிய வந்தாச்சு. டெட்ரா?

கறுந்தண்ணி:
அதுவும் குஞ்ச தின்னும், எல்லாம் பொழைக்கணும்னா எடுத்துருங்க. நான் நாலஞ்ச விட்டு வெப்பேன், தொரத்த வெளி எதிரி இருந்தா பெண்ணோட கோவம் ஆண் மேல கொஞ்சம் கொறையும்.