கலைக்குழுவுக்கு மானியம் கேட்டுப் போன அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

செய்யாறு பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பா கூத்து வாத்தியார். எனக்கு வேஷம் கட்ட வரவில்லை, குரல் அமையவில்லை. அதனால் ஜமாவின் (எங்கள் கூத்துக் குழுவின்) கணக்கு, விண்ணப்பம், அலுவலக அலைச்சல் எல்லாம் பத்து வருடமாக என் பொறுப்பு.

ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துத் தேதி சொல்வார்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான். ரசீது கிடையாது. திருவிழா நோட்டீஸில்கூடப் பல நேரம் 'இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து' என்று மட்டும்தான் இருக்கும். முதல் முறை ஒரு மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு கேட்டார்கள், நிகழ்ச்சி நடத்தியதற்கு ஆதாரம் கேட்டார்கள். முப்பது வருடம் ராத்திரி முழுக்க ஆடிய மனிதரிடம் காட்ட ஒரு காகிதம் இல்லை.

சரி என்று அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. ஜமாவில் வருமானம் பங்காகப் பிரியும். ஆடுகிறவர், மத்தளம், முகவீணை, பெட்டி சுமப்பவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பத்திரத்திலோ தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுத வேண்டும். விண்ணப்பத்தில் 'முதன்மைக் கலைஞர்' என்று ஒரே ஓர் இடம். அப்பா பெயரை எழுதினேன். மத்தளக்கார மாமா பெயரைப் போட 'பக்கவாத்தியம்' என்ற கட்டம்தான் இருந்தது. திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நிற்கும்போது, எப்போது வெளியே வர வேண்டும் என்பதை மாமாவின் விரல்தான் சொல்லும். அப்பாவுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். கையெழுத்துப் போடுமுன் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அப்போ இனிமே நான் உங்ககிட்ட சம்பளத்துக்கு வர்றவனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பணம் வருவதும் வராததும் அப்புறம். அந்தப் படிவம் எங்கள் ஜமாவுக்குள் மேல் கீழ் என்று ஒரு வரிசையைக் கொண்டு வந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். மற்றக் கலைக்காரர்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

மதுரைப் பக்கம், தப்பாட்டக் குழுவிலிருந்து:

எங்களுக்கு வேறு மாதிரி. 2007இல் சென்னை சங்கமம் என்ற கலை விழா தொடங்கியபோது பூங்காக்களிலும் கடற்கரையிலும் அடித்தோம். சாவு வீட்டில் அடிக்கிறவன் என்று பார்க்கப்பட்டவனை அங்கே கலைஞர் என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே என் தம்பி குழுவில் சேர்ந்தான். 2011க்குப் பிறகு அந்த விழா நின்றது. மறுபடி வந்தது 2023 பொங்கலுக்கு. இடைப்பட்ட காலத்தில் தம்பி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இப்போது விழா இருக்கிறது, அவன் கை மரத்துவிட்டது. ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகிற விழாவை நம்பி ஒரு பையனைப் பழக்க எனக்குத் துணிவு வரவில்லை. தோலை அனலில் காட்டிச் சூடேற்றவே எங்களுக்குக் கால் மணி ஆகும். ஒரு விழாவில் மேடையில் கொடுத்ததே எட்டு நிமிடம்தான்.

ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர்:

நான் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன். காகிதம் கேட்காவிட்டால் இல்லாத குழுவுக்கெல்லாம் பணம் போகும். அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் செய்யாறு நண்பர் சொல்வது உண்மை. மாநில அரசின் கலை அமைப்பான இயல் இசை நாடக மன்றம் 1955இல் சங்கீத நாடக சங்கம் என்ற பெயரில் தொடங்கியது. 1973இல்தான் இப்போதைய பெயர் வந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் அமைந்தது 2007இல். முதலில் கச்சேரி மேடையும் சபாவும்தான் மனதில் இருந்தன, கூத்தும் பறையும் பின்னால் வந்து சேர்ந்தன. படிவங்களில் அந்தப் பழைய மனம் இன்னும் இருக்கிறது. மத்திய அரசின் குரு - சிஷ்யத் திட்டத்திலும் குரு ஒருவர்தான். அவருக்கு மாதம் 15,000 ரூபாய், சிஷ்யர்களுக்கு வயதுக்கேற்ப 2,000 முதல் 10,000 வரை. ஒரு ஜமாவில் இரண்டு ஆசான்கள் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. கூத்து நடந்த ஊர்களில் கோயில் தர்மகர்த்தாவிடமும் ஊராட்சித் தலைவரிடமும் தேதி போட்டுக் கடிதம் வாங்கி வையுங்கள். திருவிழா நோட்டீஸையும் அதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். நான் பார்த்தவரை அதிகாரிகள் அதைத் தள்ளியதில்லை.

மறுபடி நான், செய்யாறிலிருந்து:

ஐயா, நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தாவைப் பார்க்கப் போகிறேன். கடிதத்தில் அப்பா பெயரையும் மாமா பெயரையும் ஒரே வரியில் 'ஆசிரியர்கள்' என்று எழுதித்தரச் சொல்லப்போகிறேன். படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் இணைப்பில் அது இருக்கட்டும். மாமாவையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.