பழைய வண்டிக்குக் கம்பெனி ஃபிட்டிங் பவர் ஸ்டீயரிங்: மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கூப்பே66:
நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது 1966 ஃபோர்டு மஸ்டாங், வி8 எஞ்சின், பவர் ஸ்டீயரிங் இல்லாமல் பிறந்த வண்டி. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. பார்க்கிங்கில் நின்றபடி திருப்பும்போதுதான் முன்னால் எவ்வளவு இரும்பு உட்கார்ந்திருக்கிறது என்று தோள்பட்டை சொல்லும். அகலமான ரேடியல் டயர் போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசம். ஒருநாள் மனைவி சாவியை மேசையில் வைத்துவிட்டு, "இனிமே நீங்களே ஓட்டிக்குங்க, எனக்கு செக்கு இழுக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

எலெக்ட்ரிக் கிட் போடலாம் என்றார்கள். அதற்கு ஸ்டீயரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டை, அதாவது ஸ்டீயரிங் காலத்தை (column), வெட்ட வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. ஃபோர்டு அப்போதே ஆப்ஷனாகக் கொடுத்த அமைப்பைத் தேடிப் போனேன். அதில் ஒரு வசதி உண்டு. ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் (வீலின் சுற்றைச் சக்கரங்களுக்கு மாற்றித் தரும் கியர் பெட்டி) ஆயில் அழுத்தமே போகாது, அது வெறும் மேனுவல் பாக்ஸ்தான். பாக்ஸிலிருந்து வெளியே வரும் பிட்மேன் ஆர்ம் என்ற கையின் நுனியில் ஒரு கன்ட்ரோல் வால்வு தொங்கும். நாம் திருப்பும்போது அதற்குள் இருக்கும் ஸ்பூல் என்ற சின்ன உருளை ஒரு பக்கம் லேசாக நகர்ந்து ஆயிலை அந்தப் பக்கத்துக்குத் திறந்துவிடும். சேஸிஸுக்கும், இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டிராக் லிங்க் என்ற தண்டுக்கும் நடுவில் படுத்திருக்கும் ஒரு சிலிண்டர் அந்த அழுத்தத்தில் லிங்கைத் தள்ளும். அவ்வளவுதான் வித்தை.

நான் செய்த தப்பு, சாமான்களைச் சில்லறையாக வாங்கியது. பம்ப் ஒருவரிடம், வால்வு இன்னொருவரிடம், பிராக்கெட் மூன்றாமவரிடம். வந்த பம்ப் ஆரம்பகால ஈட்டன் வகை, பிராக்கெட்டோ பின்னால் வந்த ஃபோர்டு பம்புக்கானது. இரண்டும் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்கவே இல்லை. கிராங்க் புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளம் ஒன்று குறைவு. டிராக் லிங்க் வேறு, பிட்மேன் ஆர்ம் வேறு, லிங்கின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மும் வேறு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதற்குள் நாலு மாதம் போனது. கடைசியில் பவர் ஸ்டீயரிங்கோடு பிறந்த 66 ஒன்று பிரித்து விற்பனைக்கு வந்தது. போல்ட், வாஷர் உட்பட மொத்த செட்டையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மாட்ட ஆன நேரம் ஒன்றரை நாள்.

மழைக்கால_மெக்கானிக்:
அண்ணே, நீங்க அதிர்ஷ்டசாலி. எனக்கு 65, அதே அமைப்புதான். வால்வுல இருந்து சிலிண்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் நான் இடம் மாத்தி மாட்டிட்டேன். ஜாக்ல தூக்கி வெச்சு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஸ்டீயரிங் வீலை விரல் அளவுதான் தொட்டேன். பேய் பிடிச்ச மாதிரி தானா ஒரு பக்கம் கடைசி வரைக்கும் சுத்திப் போய் முட்டிச்சு. ஸ்போக்குக்கு நடுவுல கை இருந்திருந்தா மணிக்கட்டு போயிருக்கும். யோசிச்சுப் பார்த்தா விஷயம் சின்னது: இடப்பக்கம் திருப்புனா உதவி வலப்பக்கம் வருது, அது ஸ்பூலை இன்னும் அதே பக்கம் தள்ளுது, நிக்கவே நிக்காது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்சக்கரம் ரெண்டும் தரையில படாம இருக்கட்டும், கை வீலுக்குள்ள போக வேண்டாம். வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

ஹோஸைச் சரி பண்ணப்புறமும் வண்டி வலப்பக்கமா இழுத்துச்சு. அலைன்மென்ட்னு நெனச்சு ரெண்டு தடவை காசு கொடுத்தேன். கடைசியில பார்த்தா வால்வு நடுவுல நிக்கலை. கண்டுபிடிக்க லேசான வழி இருக்கு: சிலிண்டர் ராடை சேஸிஸ் பிராக்கெட்டுல இருந்து கழட்டிட்டு எஞ்சினை ஐட்லிங்ல விடுங்க. ராட் தானா நீண்டாலோ உள்ளே போனாலோ ஸ்பூல் ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். எஞ்சினை அணைச்சு, வால்வோட மூடியைக் கழட்டி, உள்ளே இருக்கிற நட்டைக் கால் சுத்து கால் சுத்தா திருப்பிப் பார்க்கணும். ராட் அசையாம நின்னா முடிஞ்சது.

டார்ட்_மனிதன்:
மஸ்டாங்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அடியில் நிறைய இடம் இருக்கிறது. என் வண்டி 60-களின் டாட்ஜ் டார்ட். டாட்ஜ் கிரைஸ்லரின் பிராண்ட், கிரைஸ்லர் வழி வேறு. பவர் பிஸ்டன் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், அதனால் பாக்ஸ் பூசணிக்காய் அளவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதற்கும் நடுவில் ஸ்பேனர் நுழையாது. நான் பாக்ஸை மட்டும் வாங்கிவந்தேன். கிடத்தி அளந்தபோதுதான் தெரிந்தது, பவர் பாக்ஸ் நீளம், அதனால் பவர் வண்டியின் ஸ்டீயரிங் காலம் குட்டை. என் மேனுவல் காலம் உட்காரவே இல்லை. கூப்பே66 சொன்ன அதே கதைதான்: செட்டாக வாங்கு, இல்லையேல் அழு.

வால்வை நடுவில் நிறுத்தும் வேலை மட்டும் இதில் சுகம். வால்வு பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். வண்டி தானாகத் திரும்பப் பார்த்தால் இரண்டு போல்ட்டை லேசாகத் தளர்த்தி, வால்வை மேலோ கீழோ மெதுவாகத் தட்டினால் போதும். தட்டு என்றால் தட்டு, அடி அல்ல.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கிரைஸ்லர் பவர் ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்கானது. பாக்ஸின் தண்டு ஒரு சுற்று வர வீல் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற ரேஷியோ மேனுவல் பாக்ஸில் 24:1, இதில் 15.7:1. வேகமாகத் திரும்புகிறது, சந்தோஷம். ஆனால் சக்கரத்துக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்பதே கைக்குத் தெரியாது. முதல் வாரம் ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேல் திருப்பிவிட்டுத் திரும்ப வந்தேன். இப்போது பழகிவிட்டது, பிடித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஸ்டிங்ரே_ரசிகன்:
சின்னதாக ஒன்று. 1963 முதல் 82 வரைக்கும் கார்வெட்டிலும் மஸ்டாங் மாதிரியே வால்வும் சிலிண்டரும் வெளியேதான். அதன் ஸ்டீயரிங் ஆர்மில், சக்கரத்தை இழுத்துத் திருப்பும் டை ராடுக்கு இரண்டு துளை இருப்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. முன்துளை வேகமான ரேஷியோ, பின்துளை மெதுவானது. பவர் ஸ்டீயரிங் வண்டிக்குக் கம்பெனி முன்துளையில்தான் மாட்டியது. நான் பம்ப், வால்வு எல்லாம் போட்டுவிட்டு டை ராடைப் பின்துளையிலேயே விட்டுவிட்டேன். கை லேசானது, ஆனால் சுற்று குறையவில்லை. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்றிருந்தது. துளையை மாற்றி, டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன என்ற அளவு) சரிபார்த்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது.

டைனமோ_தாத்தா:
ஜாகுவார் மார்க் 2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை தம்பிகளா. அதில் பவர் ஸ்டீயரிங் பம்ப், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் பின்புறத்தில் கோத்திருக்கும், தனி பெல்ட் கிடையாது. நான் முதலில் சமர்த்தாக டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன். இரண்டு வருடம் கழித்து பவர் ஸ்டீயரிங் ஆசை வந்தது. பம்ப்பை எதன் பின்னால் மாட்டுவது? விற்ற டைனமோவைத் தேடி அலைந்தேன். வாங்கியவர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இதைப் புது மோகம் என்று நினைப்பவர்களுக்கு: பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1920-களிலேயே பியர்ஸ் ஆரோ வண்டியில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டியவர். கடையில் போய் வாங்கக்கூடிய காரில் வர 1951 ஆனது, கிரைஸ்லர் இம்பீரியலில். ஆகவே பழைய வண்டியில் பவர் ஸ்டீயரிங் போடுவது கலப்படம் என்று யாராவது மூக்கைச் சுளித்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

கூப்பே66:
எல்லோருக்கும் நன்றி. மழைக்கால_மெக்கானிக் சொன்ன ராட் சோதனையை நேற்று செய்தேன், என் ராடும் மெல்ல நீண்டது! கால் சுற்றில் சரியானது.

விட்டுப்போன இரண்டு விஷயம். ஒன்று, பாக்ஸ். 65-66 மஸ்டாங்கில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் பாக்ஸோடு ஒட்டிய ஒரே நீளத் துண்டு, மாற்றினால் ஸ்டீயரிங் காலத்தையே இறக்க வேண்டும். அந்தச் சோம்பலில் என் பழைய 19.9:1 பாக்ஸையே விட்டுவைத்தேன். பவர் வண்டிக்கு ஃபோர்டு கொடுத்தது 16:1. என்னுடையது வேலை செய்கிறது, ஆனால் யு டர்னில் கை இன்னும் நிறையச் சுற்றுகிறது. அடுத்த விடுமுறையில் மாற்றிவிடுவேன்.

இரண்டு, காஸ்டர், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் முன்சக்கரம் திரும்பும் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம். மேனுவல் வண்டிக்குக் கை லேசாக இருக்க வேண்டும் என்று காஸ்டரைக் குறைத்துத்தான் வைப்பார்கள். பவர் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. பாசிட்டிவ் பக்கம், அதாவது அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாயும்படி, கொஞ்சம் கூட்டினேன். வளைவு முடிந்ததும் வீல் தானாக நேருக்கு வருகிறது, நெடுஞ்சாலையில் அலைவதும் நின்றது. ஆயில், டைப் எஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான் ஊற்றினேன். ஆயிலில் சிக்கிய ஏரை எடுக்க அவசரப்படாதீர்கள்: எஞ்சினை அணைத்தபடியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மெதுவாகத் திருப்பி, நுரை அடங்கும்வரை பொறுத்து, திரும்ப ஊற்றி, பிறகுதான் ஸ்டார்ட். நான் முதல் தடவை அவசரப்பட்டதில் பம்ப் மாடு மாதிரி கத்தியது.

கன்ட்ரோல் வால்வு கசியுமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். கசியும். புது சீல் போட்டும் வாரத்துக்கு நாலைந்து சொட்டு. மனைவி இப்போது வண்டியை எடுக்கிறார், நான் சொட்டு பிடிக்கும் தட்டை நகர்த்தி வைக்கிறேன்.