கைட்டோசான் படலத்தில் பேண்ட் கேப் 2.8 வருகிறது, நம்பலாமா?

நண்டு ஓடு:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். கைட்டோசானை (நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) 1% அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, நானோ ஜிங்க் ஆக்சைடு கலந்து, பெட்ரி டிஷ்ஷில் ஊற்றிக் காயவைத்து உரித்தெடுத்தேன். யூவி-விஸ் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவீடு) எடுத்து, அதிலிருந்து பேண்ட் கேப்பை (எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) கணக்கிடும் டாக் பிளாட் போட்டால் 2.8 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. "பேண்ட் கேப் குறைந்தது" என்று எழுதச் சொல்கிறார் கைடு. ஜிங்க் ஆக்சைடுக்கு 3.3 பக்கம் அல்லவா வரவேண்டும்? தடிமனை ஒரே இடத்தில்தான் அளந்தேன், அதனாலா?

பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்:
தடிமன் தப்பானால் கோட்டின் சாய்வுதான் மாறும், அச்சை வெட்டும் இடம் மாறாது, அதை விடுங்கள். படலம் பால் மாதிரி மங்கலாக இருக்கிறதா? 600, 700 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் (உறிஞ்சல் அளவு) எவ்வளவு? அங்கே கைட்டோசானும் உறிஞ்சாது, ஜிங்க் ஆக்சைடும் உறிஞ்சாது, ஆனால் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும், சிதறியது டிடெக்டருக்குப் போய்ச் சேராததால் கருவி அதையும் உறிஞ்சியதாகவே கணக்கு வைக்கும். உறிஞ்சல் இல்லாத இடத்திலும் இப்படி நீளும் அந்த வாலோடு கோடு போட்டு அச்சு வரைக்கும் நீட்டினால் மதிப்பு இறங்கத்தான் செய்யும். நானோ அளவுக்குச் சுருங்கினால் பேண்ட் கேப் கூடும் என்றுதானே படித்தோம், குறைகிறது என்றால் முதலில் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள். இன்டகிரேட்டிங் ஸ்பியர் (சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை) எங்காவது கிடைத்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் வாலுக்கும் ஒரு நேர்கோடு போட்டு, இரண்டு கோடும் வெட்டும் புள்ளியைப் பாருங்கள். அப்புறம், அப்சார்பன்ஸ் 3க்கு மேல் போன பகுதியைத் தொடவே வேண்டாம், அங்கே கருவிக்கே கண் தெரியாது.

காய்ந்த ஜெல்:
எனக்கு வேறு ஒரு கவலை. ஜிங்க் ஆக்சைடு அசெட்டிக் அமிலத்தில் கரையுமே! கலந்ததில் எவ்வளவு ஆக்சைடாகவே மிஞ்சியது, எவ்வளவு ஜிங்க் அசிடேட் ஆனது? எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரை வைத்து எந்தப் படிகம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். இன்னொன்று, டாக் என்பவர் 1966இல் அந்த பிளாட் முறையைப் படிகமற்ற ஜெர்மானியத்துக்காகக் கொண்டுவந்தார். இறால் ஓட்டுப் பாலிமரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நண்டு ஓடு:
700இல் 0.42 இருக்கிறது அண்ணா! வெறும் கைட்டோசான் படலத்துக்கு 0.05தான். வாலுக்கும் கோடு போட்டுப் பார்த்தேன், 3.2 வருகிறது. எக்ஸ்ஆர்டிக்கு அடுத்த வாரம்தான் ஸ்லாட். கைடிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்:
இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஒரே கிராஃபில் போட்டு முன்னால் வையுங்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் வாக்குவாதம்தான் ஆகும்.