வேண்டாம் என்று முடிவெடுத்த மேக்பெத், ஏன் அடுத்த நிமிடமே மனம் மாறுகிறான்?

தாழ்வாரம் (கேள்வி):

எங்கள் கல்லூரி நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைத் தமிழில் போடுகிறது. நான்தான் லேடி மேக்பெத்; அரசனைக் கொன்று நீயே பட்டம் ஏறு என்று தளபதி மேக்பெத்தைத் தூண்டும் மனைவி. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

உள்ளே டங்கன் மன்னனுக்கு விருந்து. மேக்பெத் பாதியில் எழுந்து வந்து தனியாகப் பேசுகிறான். டங்கன் என் உறவினன், என் அரசன், இன்று என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வராமல் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தி எடுப்பதா என்கிறான். அப்புறம் நான் நுழைகிறேன். "இதற்கு மேல் இந்த விஷயம் வேண்டாம்" என்று சொல்கிறான். ஏறத்தாழ 50 வரிகள் போனதும் கொலைக்குத் தயார் என்கிறான்.

துன்பியல் நாயகனின் மனப்போராட்டத்தை வெளிப்படுத்துவது தனிமொழி என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். மேடையில் அந்த வரி ஒன்றுக்கும் உதவவில்லை. மேக்பெத்தாக நடிக்கும் பையன் முதல் வரியிலிருந்தே கண்ணீர் விடுகிறான். அவ்வளவு உருகியவன் என்னைக் கண்டதும் கவிழ்ந்தால், ஒன்று அவன் பொய்யன், இல்லாவிட்டால் நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளோடு நான் நாலாவது. "பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான், அவ்வளவுதான்" என்கிறார் இயக்குநர். எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தனிமொழி அவனைப் பற்றி என்னதான் சொல்கிறது?

பழைய வாத்தியார்:

ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் காட்சி வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். தாளை நடுவில் மடி; தனிமொழியில் அவன் சொல்லும் காரணங்களை இடப்பக்கம் எழுது, மனைவியிடம் சொல்லும் காரணங்களை வலப்பக்கம் எழுது. இடப்பக்கம் நிரம்பி வழியும். வலப்பக்கத்தில் ஒன்றிரண்டுதான் தேறும்: மன்னர் சமீபத்தில் என்னை கௌரவித்திருக்கிறார், ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்திருக்கிறது, அதை இவ்வளவு சீக்கிரம் இழப்பானேன். உறவு, விருந்தாளி, மேலுலகம் எதுவுமே அங்கே வராது. நீங்களும் செய்து பாருங்கள் அம்மா.

தனியாக இருந்தபோது தர்மம் பேசியவன், மனைவி முன்னால் பேர் கெட்டுவிடும் என்கிறான். அவன் உண்மையான காரணம் அவள் காதுக்கே போகவில்லை. அதனால் நீங்கள் அவன் மனசாட்சியை எதிர்த்து வாதாடவில்லை. அவன் வெளியே எடுத்து வைத்த சப்பைக் காரணத்தைத்தான் உடைக்கிறீர்கள். கோழை என்கிறீர்கள், ஆம்பிளையா என்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கேட்பது "நாம் தோற்றுவிட்டால்?" என்பதுதான். செய்யலாமா என்ற கேள்வி, மாட்டிக்கொள்வோமா என்ற கேள்வியாகிவிட்டது. தனிமொழி இல்லாமல் இந்தக் காட்சியை மட்டும் பார்த்தால், அவன் மறைத்துவிட்டான் என்பதே நமக்குத் தெரியாது. அவன் போராட்டம் அந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் இருக்கிறது என்பேன்.

அந்தப் பையனிடம் இதையும் சொல்லுங்கள்: முதல் வரியில் கண்ணீருக்கு வேலையே இல்லை. தொடக்கத்தில் அவன் போடுவது கணக்கு. இந்த ஒரு அடியோடு எல்லாம் முடிந்துவிடுமானால் மறுமையைப் பற்றிக்கூடக் கவலைப்படமாட்டேன், ஆனால் இங்கேயே திருப்பி அடிப்பார்களே என்கிறான். படைத்தளபதி பேசுகிற பேச்சு. பயம் முதலில், கடமை அப்புறம். டங்கனின் நல்ல குணம் நினைவுக்கு வந்த பிறகுதான் பேச்சு எங்கேயோ எகிறுகிறது: தேவதூதர்கள், புயல்மேல் ஏறி வரும் பச்சைக்குழந்தையாக இரக்கம். அழுவதானால் அங்கே அழட்டும்.

சில நிமிடத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பால் குடிக்கும் குழந்தையின் மண்டையை உடைப்பேன் என்கிறீர்கள். அவன் மனதில் என்ன ஓடியது என்று தெரியாமலே சரியாக அங்கேயே அடிக்கிறீர்கள். அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பையன் அந்த வரியில் உங்களைப் பார்க்காமல் நிற்கலாம்.

பின்வரிசை:

வாத்தியாரே, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனிமொழிக்கு இவ்வளவு மரியாதை தேவையா? ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தை எடுங்கள். அங்கே நாயகனைவிட வில்லன் இயாகோதான் தனியாக நின்று அதிகம் பேசுகிறான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம். எனக்கு வர வேண்டிய பதவியை காசியோவுக்குக் கொடுத்தார்கள் என்கிறான். அப்புறம் என் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்கிறான். காசியோமீதும் அதே சந்தேகம் என்கிறான். தனியாக இருப்பவன் பொய் சொல்லமாட்டான் என்று யார் சொன்னது?

பழைய வாத்தியார்:

நான் சொல்லவில்லையே! பார்வையாளரிடம் பொய் சொல்லாவிட்டாலும் தனக்குத் தானே பொய் சொல்லலாம். ஒதெல்லோவின் கடைசித் தனிமொழியே அதுதானே. தூங்கும் மனைவி டெஸ்டிமோனாவின் அருகில் விளக்கோடு நின்று, இது கொலையல்ல, நீதி என்று தன்னையே நம்பவைக்கிறான். விட்டால் இவள் இன்னும் பல ஆண்களை ஏமாற்றுவாள் என்கிறான். குனிந்து முத்தமிடும்போது அந்த நீதி ஆட்டம் காண்கிறது. சொல் ஒரு பக்கம் இழுக்க, உடம்பு இன்னொரு பக்கம் போகிறது. வெறும் வாக்குமூலமாக இருந்தால் அதில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது?

சுவடி:

மூலக்கதையையும் பார்த்தால் நல்லது. ஷேக்ஸ்பியர் எடுத்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து. அதில் டங்கன் மெத்தனமான அரசன். தனக்கு உரிமை வரக்கூடிய பட்டத்தை அவன் மகனுக்கு ஒதுக்கிவிட்டான் என்று மேக்பெத்துக்கு ஒரு குறை இருக்கிறது. சக தளபதி பாங்க்கோவும் சதியில் கூட்டு. நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவன். நிஜ டங்கன் படுக்கையில் சாகவில்லை, போரில் செத்தான்.

நாடகத்தில் டங்கன் நல்லவன், பாங்க்கோ கூட்டாளி இல்லை, மேக்பெத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒரு அநியாயமும் இல்லை. தனிமொழியின் கடைசியில் என்னைக் குத்தி ஓட்ட முள் எதுவுமில்லை, பேராசை மட்டும்தான் என்கிறானே, அப்படிச் சொல்ல வைப்பதற்காகவே மற்ற சாக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டதுபோல எனக்குத் தோன்றும். ஹாலின்ஷெட்டின் மேக்பெத்துக்கு இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

தாழ்வாரம்:

தாளை மடித்து எழுதிப் பார்த்தோம். வாத்தியார் சொன்னபடியேதான் வந்தது. பையன் வாயடைத்துப்போனான். இன்னொரு கேள்வி ஐயா. பின்பாதியில் அவன் இப்படித் தனியாக விவாதிப்பதே குறைந்துவிடுகிறதே, ஏன்?

பழைய வாத்தியார்:

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். வரிசையாகப் பாருங்கள். இரண்டாம் அங்கத்தில் காற்றில் தொங்கும் கத்தி. அங்கேயே நல்லது கெட்டது விவாதம் முடிந்தாயிற்று. கண் சொல்வது நிஜமா என்பது மட்டும்தான் கேள்வி. மணி அடிக்கிறது, போய்விடுகிறான். மூன்றாம் அங்கத்தில் பாங்க்கோவைப் பற்றிப் பேசுகிறான்: சூனியக்காரிகள் சொன்னபடி பட்டம் எனக்கு, எனக்குப் பின் அது அவன் வாரிசுகளுக்கா என்று எரிச்சல். கொல்லலாமா என்ற கேள்வி எழவே இல்லை; கொலையாட்களை ஏற்கெனவே வரச்சொல்லிவிட்டான். மனைவியிடமும் மறைத்துவிடுகிறான். நான்காம் அங்கத்தில், இனி மனதில் எழுவது உடனே கையில் வந்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். யோசனைக்கும் செயலுக்கும் இடையில் இடைவெளியே வேண்டாம் என்பவன் எங்கே நின்று தனிமொழி பேசுவான்? ஐந்தாம் அங்கத்தில் "நாளை, நாளை" என்று புலம்புகிறானே, அப்போது பக்கத்தில் அவன் பணியாள் சேட்டன் நிற்கிறான். அதில் விவாதம் இல்லை, களைப்புதான்.

பின்வரிசை:

இதை ஒத்துக்கொள்கிறேன். ஒதெல்லோ பற்றித் தனித் திரியில் சண்டை போடலாம்.

தாழ்வாரம்:

கடைசியாக ஒன்று. தனிமொழிக்கு மேடையை இருட்டாக்கி அவன்மேல் மட்டும் ஸ்பாட்லைட் போடலாம் என்கிறார் இயக்குநர். நான் எப்போது நுழைவது?

பழைய வாத்தியார்:

ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கில் நாடகம் பட்டப்பகலில் நடந்தது. நடிகனுக்குப் பார்வையாளர் முகம் தெரியும். இருட்டில் தனக்குள் முணுமுணுப்பதைவிட, எதிரே நிற்பவர்களிடம் நியாயம் கேட்பதுபோல அவன் பேசிப் பார்க்கட்டும். ஸ்பாட்லைட் வேண்டாம் என்பது என் கட்சி. இயக்குநர் பிடிவாதம் பிடித்தால் பார்வையாளர் பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் விடச் சொல்லுங்கள்.

நுழைவு பற்றி மூலத்திலேயே குறிப்பு இருக்கிறது. பேராசை எகிறிக் குதித்து மறுபக்கம் விழுகிறது என்று சொல்லும்போதே வாக்கியம் அறுந்துபோகிறது. முடிக்க விடாதீர்கள். அவன் முடித்துவிட்டு மூச்சு வாங்கிய பிறகு நீங்கள் வந்தால், முடிவெடுத்துவிட்ட ஆளைச் சந்திக்கிறீர்கள். நடுவில் வந்தால் முடிவெடுத்துக்கொண்டிருக்கும் ஆளைச் சந்திக்கிறீர்கள். அவனைக் கவிழ்ப்பது சுலபம்.