புதுப்பிப்பு: அப்பாவின் ஆஞ்சியோகிராமும் சிறுநீரகமும்

கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.8 என இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும் அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது) செய்யும்போது, சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்காமலிருக்க அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை தர வேண்டுமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். தேவையில்லை என்றார் மருத்துவர். 5,000 பேருக்கு மேல் பங்கேற்று 2018இல் வெளியான பிரிசர்வ் ஆய்வில், அந்த மாத்திரை வெற்று மாத்திரையைவிடவோ, சோடியம் பைகார்பனேட் கலந்த சொட்டு சாதாரண சலைனைவிடவோ கூடுதல் பலன் எதையும் தரவில்லையாம். ஆகவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரையை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, சலைன் மட்டும் ஏற்றினார்கள். இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன் குறைவு, வேகமாக ஏற்றினால் அதற்குச் சுமையாகிவிடும் என்பதால் சொட்டு மிக மெதுவாகவே விழுந்தது, அம்மாவுக்கோ பாட்டில் காலியாகவில்லையே என்ற கவலை. இதயத்தின் இடது கீழறைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படத்தைத் தவிர்த்து, ஏற்கெனவே எடுத்த எக்கோவையே (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) வைத்துக்கொண்டதால், மொத்தம் 40 மில்லி சாயத்தோடு வேலை முடிந்தது. 48 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.9, பெரிய மாற்றம் இல்லை.