ஏஎன்ஏ பாசிட்டிவ், நோய்க்குப் பெயர் இல்லை: மாத்திரையை ஆரம்பிப்பதா, காத்திருப்பதா?

கேஜ்மாஸ்டர் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41, ஆண். இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையில் தரப் பரிசோதனை என் வேலை. நாள் முழுக்க மைக்ரோமீட்டரும், அளவு சரிபார்க்கும் உலோகக் கட்டையான ஸ்லிப் கேஜும்தான். அளவெடுக்கும் அறையை எப்போதும் 20 டிகிரியில் வைத்திருப்போம். உலோகம் சூட்டில் நீளும் என்பதால் உலகம் முழுக்க அளவுக்கு அந்த வெப்பநிலைதான் கணக்கு. எனக்கு எல்லாம் ஆரம்பித்தது அந்த அறையில்தான். ஒரு ஸ்லிப் கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிலிருந்து பாதிவரை வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டன. வெளுப்பு எங்கே முடிகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. கிள்ளிப் பார்த்தால் உணர்வே இல்லை. கொஞ்ச நேரத்தில் நீலம், அப்புறம் சிவந்து ஒரே எரிச்சல்.

முதலில் பார்த்த டாக்டர், "கிரைண்டர் பிடிக்கிற வேலையா?" என்று கேட்டார். இளவயதில் பிடித்திருக்கிறேன். அதிரும் கருவிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இப்படி விரல் வெளுப்பது உண்டு என்றார். நியாயமான கேள்விதான், குறை சொல்லவில்லை. ஆனால் கால் விரலும் வெளுக்கிறதே, அதற்கென்ன பதில்?

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது. விரல்கள் மொத்தமாக உப்பி, மூட்டின் மேல் இருக்கும் தோல் மடிப்புகள்கூடச் சமமாகிவிடும். மைக்ரோமீட்டரில் ராட்செட்டைத் திருகும்போது எவ்வளவு இறுகியது என்று விரலில் தெரிய வேண்டும். எனக்கு இப்போது அது தெரிவதில்லை, டிக் டிக் சத்தத்தை வைத்துத்தான் நிறுத்துகிறேன். மேலண்ணத்தில் வலியே இல்லாமல் புண் வந்து போகிறது. அதைக் கண்டுபிடித்ததே பல் டாக்டர்தான். அசதியைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் "எனக்கும்தான்" என்கிறார்கள், அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

தைராய்டு பார்த்தார்கள், வைட்டமின் பார்த்தார்கள், மன அழுத்தம் என்றார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் விரல் சமர்த்தாக ரோஸ் நிறத்தில் இருக்கும்.

கடைசியில் ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு, இணைப்புத்திசு நோய் நிபுணர். ரிப்போர்ட் இதுதான்: அழற்சியைக் காட்டும் இரண்டு டெஸ்ட்டில் ஈஎஸ்ஆர் 48, அதிகம்; சிஆர்பி நார்மல். ஏஎன்ஏ, அதாவது சொந்தச் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருள், 1:640, ஸ்பெக்கிள்டு (புள்ளிப் புள்ளியான வடிவம்). எந்த நோய் என்று பிரித்துக் காட்டும் தனித்தனி எதிர்ப்பொருள்களில் டிஎஸ்-டிஎன்ஏ, ஸ்மித், எஸ்சிஎல்-70, சென்ட்ரோமியர் எல்லாம் நெகட்டிவ். ஆர்என்பி மட்டும் ஒரு லேபில் "பார்டர்லைன்", இன்னொரு லேபில் நெகட்டிவ். சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள், சிறுநீர் எல்லாம் சரி. அவர் எழுதியது யூசிடிடி, அதாவது இன்ன வகை என்று இன்னும் பிரியாத இணைப்புத்திசு நோய். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை ஒருநாள் 400 மில்லிகிராம், மறுநாள் 200 என்று கொடுத்திருக்கிறார். மாத்திரை வாங்கி மேசையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

எங்கள் வேலையில் பிளக் கேஜ் என்று ஒன்று உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான், பாஸ் அல்லது ரிஜெக்ட். அதிலேயே பழகிவிட்ட எனக்கு இந்த ரிப்போர்ட் பிடிபடவில்லை. நோய் என்னவென்று தெரியாமல் எப்படி மருந்து தருகிறார்கள்? வேறு லேபில் ஏஎன்ஏவைத் திரும்பப் பார்த்தால் தெளிவாகுமா? இன்னொரு டாக்டரையும் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா? கண்ணைக் கெடுக்கும் மாத்திரை என்று வேறு படித்தேன், எனக்குக் கண்தான் பிழைப்பு.

இயற்கைவழி எழுதியது:

மாத்திரையைத் தொடாதீர்கள் சார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததுதான் காரணம். அதைக் கூட்ட மூலிகை மருந்து நிறைய இருக்கிறது. சக்தி கூடினால் எல்லாம் தானாகச் சரியாகும்.

மைக்ராஸ்கோப் எழுதியது:

மேலே சொன்னவருக்கு: இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை, இலக்கு தவறிச் சொந்தத் திசுவையே தாக்குகிறது. அதைக் கூட்டுகிறேன் என்று கண்டதைச் சாப்பிட்டு, ஈரல் கெட்டுப்போய் வந்தவர்களின் ரத்தம் எங்கள் லேபுக்கு வந்திருக்கிறது. சரி, விடுங்கள்.

கேஜ்மாஸ்டர் சார், நான் ஏஎன்ஏ பார்க்கிற லேபில் வேலை செய்பவள். அளவெடுப்பவர் என்பதால் உங்களுக்கு இது சட்டென்று புரியும். கண்ணாடி ஸ்லைடில் ஹெப்-2 என்ற மனிதச் செல்கள் ஒட்டியிருக்கும். உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 1:80, 1:160, 1:320, 1:640 என்று ஒவ்வொரு முறையும் இருமடங்கு நீர்க்கச் செய்து அதன் மேல் விடுவோம். ஒளிரும் சாயம் கோத்த இன்னொரு எதிர்ப்பொருளைச் சேர்த்து, இருட்டறையில் ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உட்கரு பச்சையாக மின்னுவது கடைசியாக எந்த நீர்ப்பில் தெரிகிறதோ அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண். தெரிகிறதா இல்லையா என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஒருவருடைய கண். அதனால் ஒரே ரத்தத்தில் ஒரு படி கூடவோ குறையவோ வருவதை நாங்கள் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பாஷையில் சொன்னால் அதுதான் டாலரன்ஸ். 1:320 என்று வந்தால் குணமாகிறது என்றும் இல்லை, 1:1280 என்று வந்தால் முற்றுகிறது என்றும் இல்லை. திரும்பத் திரும்ப ஏஎன்ஏ பார்ப்பது வீண் செலவு.

ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றாலே நோய் என்றும் இல்லை. 1997இல் வந்த ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாதவர்களில் 1:80இல் 13 சதவீதம் பேருக்கும் 1:160இல் 5 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ் வந்தது. 1:320இல்கூட 3 சதவீதம். உங்களுக்கு 1:640, கூடவே விரல் வெளுப்பு, வீக்கம், வாய்ப்புண். டாக்டர் எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதவில்லை.

ஆர்என்பி குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒரு லேப் எலைசாவில் பார்க்கும், இன்னொன்று பிளாட் ஸ்ட்ரிப்பில் பார்க்கும். இரண்டும் வேறு வேறு டெஸ்ட் முறைகள், எல்லைக்கோடும் வேறு. பார்டர்லைன் ரிசல்ட் இப்படித்தான் புரளும். ஆனால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். விரல் உப்பலும் ரேனோவும் (உங்களுக்குக் குளிரில் விரல் வெளுக்கிறதே, அதன் பெயர்) சேர்ந்து, ஆர்என்பி உறுதியாக அதிகமாக வந்தால் எம்சிடிடி, அதாவது கலப்பு இணைப்புத்திசு நோய் என்று ஒன்று இருக்கிறது. 1972இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதனால் ஏஎன்ஏவை விட்டுவிட்டு, சில மாதம் கழித்து ஆர்என்பியை மட்டும் ஒரே லேபில், ஒரே முறையில் மறுபடி பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

உலர்கண் எழுதியது:

தம்பி, இதே யூசிடிடியை வருஷக்கணக்காக ஃபைலில் சுமந்தவள் நான். உங்கள் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

பெயர் இல்லாமல் மருந்தா என்று நானும் கேட்டேன். டாக்டர் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இந்த வீக்கத்துக்குத்தான் மருந்து தருகிறேன், பெயருக்கு இல்லை" என்றார். நமக்கு நோய் என்றால் ஒரே கிருமி, ஒரே டெஸ்ட், ஒரே பெயர் என்று பழக்கம். லூபஸ், தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா, கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் மாதிரி ஆட்டோஇம்யூன் நோய்கள் எல்லாம் அப்படி இல்லை. அறிகுறிகளுக்கும் டெஸ்ட்டுகளுக்கும் புள்ளி போட்டுத்தான் கோடு கிழிக்கிறார்கள். 2019இல் வந்த லூபஸ் விதியில் ஏஎன்ஏ 1:80 இருந்தால்தான் கணக்கையே ஆரம்பிப்பார்கள், அப்புறம் 10 புள்ளி வேண்டும். அந்த விதிகள்கூட ஆராய்ச்சிக்கு ஆட்களை ஒரே சீராகப் பிரிக்கத்தான். 9 புள்ளி வாங்கியவருக்கு வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை.

யூசிடிடி என்று எழுதப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பின்னால் ஏதாவது ஒரு பெயர் வருகிறது, பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள். மற்றவர்கள் அப்படியே இருந்துவிடுகிறார்கள், சிலருக்கு அடங்கியும் போகிறது. நான் அந்த மூன்றில் ஒரு பங்கு. கண் மணல் விழுந்தது போல் உறுத்த ஆரம்பித்தது. கீழ் இமைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டை மடித்துச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். கண்ணீர் அந்தக் காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்க்கிற டெஸ்ட். 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் வறட்சி. எனக்கு 3. உதட்டின் உள்பக்கம் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, அரிசிமணி அளவு சுரப்பியை எடுத்துப் பார்த்தார்கள். ஷோகிரன் என்று பெயர் வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், சிரிக்காதீர்கள். மறுநாள் சாப்பிட்டது அதே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான். பெயர் மாறியது, மாத்திரை மாறவில்லை.

கண்ணைப் பற்றி. பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் கணக்கோடு பயப்படுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்களுக்குச் சராசரி 300, ஆகவே எடை 60 கிலோவோ அதற்கு மேலோ என்றால் சரி. அந்த அளவுக்குள் இருந்தால் முதல் ஐந்து வருடத்தில் விழித்திரை பாதிப்பு 1 சதவீதத்துக்கும் கீழ், பத்து வருடத்தில் 2 சதவீதத்துக்கும் கீழ். இருபது வருடம் தாண்டினால்தான் வேகமாகக் கூடுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒருமுறை கண்ணைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடியும் பார்வைப்புல டெஸ்ட்டும். இன்னொன்று, இது மெதுவான மாத்திரை. இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாது, சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். ஒரு மாதத்தில் "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது டாக்டரைத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் பெயர் கேட்டுப் போகாமல், "என் நுரையீரலையும் இதயத்தையும் பார்த்தாகிவிட்டதா?" என்று கேட்கப் போங்கள். உப்பிய விரலோடு ரேனோ இருப்பவருக்கு டிஎல்சிஓவோடு (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்ற அளவு) சேர்த்து நுரையீரல் டெஸ்ட், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் இரண்டும் முக்கியம். நகக்கண்ணில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பெரிதாக்கி, நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பார்க்கிற கேப்பில்லரோஸ்கோப்பியும் உண்டு. ஸ்க்ளீரோடெர்மா பக்கம் போகிறதா என்று அதில் முன்கூட்டியே தெரியும். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது.

விரல் வெளுத்த உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள். டாக்டர் முன்னால் விரல் சமர்த்தாக இருந்தால் படத்தை நீட்டுங்கள். எனக்கு வாய்ப்புண் படம்தான் வழக்கை ஜெயித்தது.

கேஜ்மாஸ்டர் எழுதியது:

அக்கா, மைக்ராஸ்கோப் மேடம், ரொம்ப நன்றி. டாலரன்ஸ் என்று சொன்னதும்தான் மண்டையில் ஏறியது. ஒரு படி ஏற்ற இறக்கம் கருவியின் குணம் என்றால் நான் ஏன் அதன் பின்னால் ஓடுகிறேன்?

எடை 62 கிலோ. ஒரு கிலோவுக்கு 4.8 வருகிறது, எல்லைக்குள். மாத்திரையை இன்று ராத்திரி சாப்பாட்டோடு ஆரம்பிக்கிறேன். கண் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டேன். எக்கோ ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள், டிஎல்சிஓ எடுக்கவில்லை. அதைக் கேட்கப் போகிறேன்.

வேலை இடத்தில் சூப்பர்வைசரிடம் மட்டும், "குளிரில் விரலுக்கு ரத்தம் போவதில்லை, சிகிச்சை நடக்கிறது" என்றேன். ஆட்டோஇம்யூன் என்று ஆரம்பித்தால் தொற்றுமா என்று கேட்பார்கள். அவர் உடனே புரிந்துகொண்டார். ஆனால் அறையின் 20 டிகிரியை எனக்காக மாற்ற முடியாது, மாற்றினால் அளவே தப்பு. தடித்த கையுறை போட்டால் கேஜ் நழுவுகிறது. இதற்கு ஏதாவது வழி?

உலர்கண் எழுதியது:

கையை மட்டும் மூடினால் போதாது தம்பி. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தாலே விரலுக்குப் போகும் குழாய் சுருங்கிவிடும். சட்டைக்குள் கம்பளி பனியன், காலுக்குத் தடித்த சாக்ஸ். புகைபிடிப்பவர் என்றால் அதை நிறுத்தாமல் வேறு எதுவும் பலிக்காது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர், மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை என்று யாராவது எழுதினால், ரேனோ இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். இரண்டுமே விரலை மோசமாக்கலாம். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் நிஃபெடிபின் மாதிரி குழாயை விரிக்கும் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

மைக்ராஸ்கோப் எழுதியது:

எங்கள் குளிர் அறையில் நாங்கள் செய்வது: உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் ஒரு அளவு பெரிய நைட்ரைல் கையுறை. இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும், கவனம். மைக்ரோமீட்டரைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டி வேலை செய்ய முடியுமா பாருங்கள். உங்கள் கைச்சூடு கருவிக்கும் ஏறாது.

கேஜ்மாஸ்டர் எழுதியது:

ஸ்டாண்ட் ஸ்டோர் ரூமில் சும்மாதான் கிடக்கிறது. நாளைக்கே எடுத்து மாட்டிவிடுகிறேன். டிஎல்சிஓ ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.